திருப்பலி உடையில் கொலைமேடை ஏறியவர்

1794-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஆன்ஜே நகரில், கோவில்களை இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் ஒரு சதுக்கம் அமைத்திருந்தார்கள். அச்சதுக்கத்தின் நடுவே கில்லட்டின் என்னும் கொலைக்கருவி நின்றது. அதை நோக்கி ஒரு குருவானவர் நடத்திச் செல்லப்பட்டார். அவர் உடலில் கைதியின் உடை இல்லை. நீண்ட வெள்ளங்கியும் தோள்துகிலும் அதன்மேல் திருப்பலி மேலாடையும் அணிந்து, பலிபீடத்திற்குப் புறப்பட்டவரைப் போலவே அவர் நடந்தார். அக்காலத்தில் குரு பலிபீடத்தின் அடியில் நின்று, தாம் இறைவனின் பீடத்தை அணுகப் போவதாக இலத்தீன் மொழியில் ஒரு மன்றாட்டைச் சொல்லித் திருப்பலியைத் தொடங்குவது வழக்கம். கொலைமேடையின் படிகளின் அடியில் நின்று அதே மன்றாட்டைச் சொல்லியவாறே அவர் மேலேறினார்.

அவர் பெயர் நோயல் பினோ. வயது நாற்பத்தாறு. லூரூ-பெக்கோனே என்னும் நாட்டுப்புற ஊரின் பங்குத்தந்தை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் எங்கோ நிகழ்ந்த இச்சாவுக்கும், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து ஓடும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அந்தப் புரட்சியின் வாளுக்குத் தப்பிய மற்றோர் இளங்குரு கடல் கடந்து நம் எல்லைப்புறத்து மைசூர் நாட்டுக்கு வந்து, சிதறிக் கிடந்த மந்தையைக் கூட்டிச் சேர்த்தார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். முதலில், போகாமல் நின்றவரின் வரலாற்றைக் காண்போம்.

புரட்சி கேட்ட வார்த்தை

பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியபோது அது திருச்சபைக்குப் பகையாகத் தொடங்கவில்லை என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ரொட்டிக்கு வழியில்லாத ஏழைகள் வரிச்சுமையால் நசுங்கினார்கள். பிரபுக்களோ சலுகைகளை அனுபவித்தார்கள். 1789-இல் பொதுமக்கள் பிரதிநிதிகள் உரிமை கேட்டு எழுந்தபோது, எளிய பங்குக் குருக்கள் பலர் அவர்கள் பக்கமே சென்று அமர்ந்தார்கள்.

ஆயினும் நிலைமை விரைவில் மாறிற்று. 1789 நவம்பரில் திருச்சபையின் நிலங்கள் நாட்டுடைமையாயின. 1790 ஜூலை 12-ஆம் நாள், குருக்களைப் பற்றிய புதிய சட்டம் நிறைவேறியது. அதன்படி ஆயரையும் பங்குக் குருவையும் மாவட்ட வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். வாக்களிப்பவர் கத்தோலிக்கராய் இருக்க வேண்டும் என்பதில்லை. திருத்தந்தையின் உறுதிப்பாடு தேவையில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்தாலே போதும். அவ்வாண்டு நவம்பரில் மற்றோர் ஆணை பிறந்தது. குருக்கள் அனைவரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், மக்கள் முன்னிலையில், இச்சட்டத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டும். மறுப்பவர் பதவியை இழப்பார்.

சில சொற்களாலான ஒரு பிரமாணம். சொன்னால் வீடும் சம்பளமும் பங்கும் நிலைக்கும். ஏறத்தாழப் பாதிப் பங்குக் குருக்கள் அதைச் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் கோழைகள் அல்லர். நாட்டுக்கு நல்லது என நம்பியவர் இருந்தனர். மக்களைப் பிரிய மனமில்லாதவர் இருந்தனர். பின்னர் மனம் வருந்தித் தம் வார்த்தையைத் திரும்பப் பெற்றவரும் பலர். 1791 வசந்த காலத்தில் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் அச்சட்டத்தைக் கண்டனம் செய்தார். மறுத்த குருக்களின் வாழ்வு அதன்பின் நாளுக்கு நாள் இருண்டது.

நெசவாளியின் மகன்

நோயல் பினோ 1747 டிசம்பர் 19-ஆம் நாள் ஆன்ஜே நகரில் பிறந்தவர். தந்தை நெசவுத் தொழிலாளி. பதினாறு பிள்ளைகளில் கடைக்குட்டி நம் நோயல். சிறுவனாயிருக்கையிலேயே தந்தையை இழந்தார். தறியின் ஓசையும் ஏழ்மையும் அறிந்து வளர்ந்த அச்சிறுவன் 1770-இல் குருவானார். சில பங்குகளில் உதவிக் குருவாயிருந்தபின், 1781-இல் ஆன்ஜே நகரில் தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் ஆன்ம குருவாய் நியமனம் பெற்றார். இனிப் பிழைக்க மாட்டார் என்று உலகம் கைவிட்டவர்களின் படுக்கையருகே ஏழு ஆண்டுகள் அமர்ந்திருந்தார். சாவுக்கு அஞ்சாதிருக்கும் பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம்.

1788-இல் லூரூ-பெக்கோனே பங்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பரந்த பங்கு, வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த பண்ணைகளில் மக்கள் சிதறி வாழ்ந்தார்கள். தம் வருமானத்தை ஏழைகளுக்கு வாரி வழங்கியதால் மக்கள் அவரை மிகவும் நேசித்தார்கள்.

1791 ஜனவரி 23, ஞாயிறு. திருப்பலி முடிந்தவுடன் ஊர்த் தலைவர் வந்து பிரமாணத்தைக் கேட்டார். பினோ அடிகளார் மறுத்தார். அந்த ஒரு மறுப்போடு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால், தம் மக்கள் எதை ஏற்பது எதை விலக்குவது என்று தெரியாமல் கலங்குவதை அவர் கண்டார். பிப்ரவரி 27, ஞாயிறன்று பிரசங்க மேடையில் ஏறி, இச்சட்டத்தைக் கத்தோலிக்கர் ஏன் ஏற்க முடியாது என்பதை வெளிப்படையாக விளக்கினார். மார்ச் மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டு ஆன்ஜேக்குக் கொண்டு செல்லப்பட்டார். இரண்டாண்டுக் காலம் தம் பங்கிலிருந்து எட்டுக் காதத் தொலைவுக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

இரவுத் திருப்பலிகள்

இதற்கிடையே நாட்டில் இரத்தம் பெருகத் தொடங்கியது. 1792 ஆகஸ்டில், பிரமாணம் செய்யாத குருக்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பாரீஸ் சிறைகளில் வெறிகொண்ட கூட்டம் நுழைந்தது. அடைபட்டிருந்த ஆயர்களும் குருக்களும் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். அவர்களுள் 191 பேரைத் திருச்சபை மறைசாட்சியராகப் போற்றுகிறது.

1793-இல் மேற்குப் பகுதியின் வாந்தே மாவட்டத்தில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கட்டாயப் படைச்சேர்ப்பும் குருக்களை இழந்த வேதனையும் அவர்களை எழுப்பின. அவ்வாண்டு ஜூனில் அவர்களுடைய படை ஆன்ஜேயைப் பிடித்தபோது, பினோ அடிகளார் தம் பங்குக்குத் திரும்பினார். மக்கள் ஆனந்தக் கண்ணீரோடு வரவேற்றார்கள். அந்த மகிழ்ச்சி சில வாரங்களே நீடித்தது. உழவர் படை தோல்வியுற்றுப் பின்வாங்கியது. புரட்சிப் படை மீண்டும் வந்தது.

இப்போது அவர் போயிருக்கலாம். படையோடு சேர்ந்து சென்றிருக்கலாம். கடல் கடந்து இங்கிலாந்து சென்ற ஆயிரக்கணக்கான குருக்களோடு தாமும் சென்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், பங்கில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவது யார்? மரிப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் தருவது யார்? அவர் தங்கினார். பகலில் வைக்கோற் போரிலும் தொழுவத்திலும் ஒளிந்திருப்பார். இருட்டியபின் பண்ணை வீடுகளுக்கு நடந்து செல்வார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், நோயாளிகளைச் சந்திப்பார், நள்ளிரவில் சமையற்கட்டு மேசையைப் பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றி, விடியுமுன் மறைந்துவிடுவார். அடைக்கலம் தந்த வீட்டாருக்கும் கொலைமேடை காத்திருந்தது. ஆயினும் கதவுகள் திறந்தே இருந்தன. பினோ அடிகளாரின் வீரத்தைச் சொல்லும்போது, பெயர் பொறிக்கப்படாத அந்தத் தாய்மாரின் வீரத்தையும் நாம் மறக்கலாகாது.

மிலாந்திரிப் பண்ணையில்

1794 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு. மிலாந்திரி என்னும் பண்ணையில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் நள்ளிரவுத் திருப்பலிக்கு ஏற்பாடாகியிருந்தது. அன்று மாலை அடிகளார் வீட்டின் வெளியே சற்று உலவியபோது ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். முன்பு அவரிடம் உதவி பெற்றவன் அவன். அவன் நேரே சென்று காவற்படையிடம் காட்டிக்கொடுத்தான்.

அடிகளார் திருப்பலி உடைகளை அணிந்துகொண்டிருந்த வேளையில் வீரர்கள் வீட்டை வளைத்தார்கள். அவர் உடைகளோடும் திருப்பாத்திரத்தோடும் அங்கிருந்த பெரிய மரப்பெட்டிக்குள் ஒளிந்தார். தேடியவர்கள் பெட்டியைத் திறந்தார்கள். குரு கைதானார். அவ்வுடையோடே அவரை இழுத்துச் சென்றார்கள்; வழியெல்லாம் ஏளனம், அடி. ஆன்ஜே சிறையில் பன்னிரண்டு நாட்கள் கிடந்தார்.

விசாரணை நீண்ட நேரம் நடக்கவில்லை. பிரமாணம் செய்யவில்லை, நாட்டை விட்டுப் போகவில்லை, தடையை மீறித் திருப்பலி நிறைவேற்றினார் என்பவை குற்றங்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. பூசை உடையிலேயே சாக விருப்பமா என்று கேலியாக அவரிடம் கேட்கப்பட்டது. அது தமக்குப் பெருமகிழ்ச்சி தரும் என்று அவர் அமைதியாக விடை கூறினார். கேலி செய்தவர்கள் தந்த அந்த வரத்தோடுதான் அவர் படிகளில் ஏறினார். மிலாந்திரியில் தொடங்காமல் நின்றுபோன திருப்பலி, பன்னிரண்டு நாள் கழித்துச் சதுக்கத்தில் நிறைவேறிற்று என்றே விசுவாசிகள் அதைக் கண்டார்கள்.

1926 அக்டோபர் 31-ஆம் நாள், கிறிஸ்து அரசர் திருநாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட அதே ஞாயிறன்று, திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். அதே ஆன்ஜே பகுதியில் உயிர் நீத்த கில்லோம் ரெப்பேன் என்னும் முதிய குருவுக்கும் அவருடைய 98 தோழர்களுக்கும் 1984-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அப்பட்டத்தை வழங்கினார். அத்தோழர்களில் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள்.

நம் எல்லைக்கு வந்தவர்

பினோ அடிகளார் ஒளிந்து திரிந்த அதே 1792-ஆம் ஆண்டில், தென்பிரான்சின் விவியே மறைமாவட்டத்தில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் ஜான் அந்துவான் துபுவா. பாரீஸ் வேதபோதகச் சபையில் சேர்ந்த அவர் அவ்வாண்டே கப்பலேறிப் புதுச்சேரி வந்தடைந்தார். பிரான்சிலேயே இருந்திருந்தால் தம் தோழர்களின் கதிதான் தமக்கும் நேர்ந்திருக்கும் என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவர் வந்த வேளையில் நம் பகுதியின் நிலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியரான சின்னாமி அடிகளார் முதலிய சேசு சபையார் மைசூர் நாட்டில் விசுவாச விதையை ஊன்றினார்கள். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1776-இல் பாரீஸ் வேதபோதகச் சபையார் அப்பொறுப்பை ஏற்றார்கள். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் அப்போது மைசூர் ஆட்சிக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் இடையே போர்க்களமாய்க் கிடந்தது. 1792-இல் அது கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1784-இல் கன்னடக் கரையோரத்திலிருந்து சிறைபிடிக்கப்பட்ட கத்தோலிக்கர் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் மேய்ப்பரின்றித் தவித்தனர். இந்தச் சமயத்தில்தான் புரட்சி பாரீசிலிருந்த வேதபோதகக் குருமடத்தை மூடியது. அனுப்புவதற்கு ஆளில்லை. ஆன்ஜே சதுக்கத்தில் விழுந்த வெட்டு நம் ஊர்களின் சின்னஞ்சிறு கோவில்களிலும் விழுந்தது. பல ஆண்டுகள் ஒரு திருப்பலிக்காகக் காத்திருந்தவர்கள் நம் முன்னோர்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் துபுவா அடிகளார் மைசூர் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். சிதறியவர்களைத் தேடிச் சேர்த்தார். வறுமையில் வாடியவர்களுக்காக அசன் பகுதியில் சத்தள்ளி போன்ற இடங்களில் உழவுக் குடியிருப்புகளை அமைத்தார். நம் நாட்டு உடையும் தலைப்பாகையும் அணிந்து, நம் மக்களின் உணவையே உண்டு வாழ்ந்தார். பெரியம்மை ஊர் ஊராய் மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அம்மை குத்துதலுக்கு மக்கள் அஞ்சினார்கள். அடிகளார் முன்னின்று நடத்திய பணியால் 1803-04-ஆம் ஆண்டுகளில் 25,432 பேருக்கு அம்மை குத்தப்பட்டதாகப் பதிவு உள்ளது. கன்னட மக்கள் அவரைத் தொட்ட சுவாமியவரு, அதாவது பெரிய சுவாமியார், என்று அழைத்தார்கள்.

அவர் வாழ்வும் ஒளி மட்டுமே நிறைந்ததன்று. முப்பது ஆண்டு உழைப்பின் முடிவில், இந்நாட்டில் வேதம் பரவும் என்ற நம்பிக்கையே அவருக்குத் தளர்ந்துபோயிற்று. 1823-இல் தாயகம் திரும்பினார். 1848-இல் பாரீசில் இறந்தார். அவருடைய சோர்வு தவறானது என்பதற்கு நாமே சான்று. மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1930-இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997-இல் தர்மபுரி மறைமாவட்டமும் பிறந்தன. விதைத்தவர் காணாத அறுவடையில் நாம் நிற்கிறோம்.

ஒருவர் தங்கினார், ஒருவர் கடல் கடந்தார். தங்கியவரைக் கொண்டாடுவதற்காகச் சென்றவரை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மக்களைக் குருவின்றி விடலாகாது என்ற ஒரே கவலைதான் இருவரையும் இயக்கியது.

ஒரு கையெழுத்துதானே?

இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம்மிடம் யாரும் அத்தகைய பிரமாணம் கேட்பதில்லை. விரும்பிய சமயத்தைக் கடைப்பிடிக்க அரசியல் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. அன்றாடம் நேரும் சிறு இடையூறுகளுக்கெல்லாம் மறைசாட்சியம் என்று பெயரிட்டுக்கொள்வது, உண்மையில் இரத்தம் சிந்தியவர்களை அவமதிப்பதாகும். ஆனால், வேறு வகையான சிறு பிரமாணங்கள் நம் முன் நீட்டப்படுகின்றன.

1970-களில் இங்குத் தொழிற்பேட்டை எழுந்தது முதல், தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் நம் ஊர்கள் ஆலை ஊர்களாயின. இயந்திரத்தைச் சோதிக்காமலே சோதித்ததாக ஏட்டில் கையெழுத்திடச் சொன்னால், ஒரு கையெழுத்துதானே என்கிறது மனம். ஒப்பந்தத் தொழிலாளியின் வேலைநேரத்தைக் குறைத்து எழுதச் சொன்னால், நாம் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார் என்கிறது மனம். கல் குவாரியில் பாதுகாப்புக் கவசம் தரப்பட்டதாகப் பொய்க் கணக்கு எழுதுமிடத்தில் நாளை ஓர் உயிர் போகலாம். அந்தக் கையெழுத்தை மறுப்பவருக்குக் கொலைமேடை இல்லை. பதவி உயர்வு தவறலாம், வேலையே போகலாம். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கும். இது சிறிய சோதனை அன்று. குடும்பத் தலைவர் ஒருவர் இத்தகைய நிலையில் உண்மையின் பக்கம் நின்றால், அவர் பின்னே மனைவியும் பங்கும் துணை நிற்க வேண்டும். பினோ அடிகளாருக்குக் கதவு திறந்த பண்ணை வீடுகளை நாம் மறவாதிருப்போமாக. வேலையிழந்தவரின் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் அன்பியம், அந்தக் கதவுகளுள் ஒன்று.

மற்றொன்று, திருப்பலி. நள்ளிரவில் சேற்று வழியே நடந்துவந்து, பிடிபட்டால் சாவு என்றறிந்தும் அம்மக்கள் திருப்பலி கண்டார்கள். நமக்கோ ஞாயிறு காலை முறைவேலை முடித்து வந்த களைப்பு. மிகைநேர ஊதியத்தின் ஆசை. அல்லது வெறும் சோம்பல். உண்மையாகவே வேலையில் கட்டுண்டு வர முடியாதவர்களை நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களுக்காக மாலைத் திருப்பலியும், முறைவேலைக்கு ஏற்ற நேரமும் வகுப்பதைப் பங்குப் பேரவைகள் தம் கடமையாகக் கொள்ளட்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுள் நம் விசுவாசச் சகோதரர்களும் உள்ளனர். அவர்களுக்குக் கோவில் எங்கே என்று யாரேனும் சொன்னோமா? மேய்ப்பரில்லா மந்தையைத் தேடி இரவில் நடந்த குருவின் பெயரால், ஒரு மாலை நாம் அக்கொட்டகைகள்வரை நடந்து போகலாகாதா?

வாசக அன்பர்களே, மறைசாட்சியின் வீரம் கடைசி நாளில் வானத்திலிருந்து திடீரென விழுவதன்று. தீரா நோயாளிகளின் படுக்கையருகே ஏழு ஆண்டுகள், ஏழைகளுக்குக் கொடுத்த காசுகள், ஞாயிறு பிரசங்கத்தில் சொன்ன உண்மை, மாதக்கணக்கில் நடந்த இரவு நடைகள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து ஆன்ஜே சதுக்கத்தின் படிகளாயின. ஒவ்வொரு படியாக ஏறிப் பழகியிருந்ததால், கடைசிப் படி அவருக்கு அந்நியமாயில்லை.

பிப்ரவரி 21-ஆம் நாள் அவருடைய நினைவு நாள். அன்று மாலைக் குடும்ப மன்றாட்டில் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். பின்னர், உண்மைக்காக இந்த ஆண்டில் எதையேனும் இழந்த நம் பங்குக் குடும்பங்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

முத்திப்பேறு பெற்ற நோயல் பினோவே, உழைப்பாளியின் மகனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.